தேவர்கள் இல்லாத திங்கள்: ஜப்பானிய மரபு மாதப் பெயர்களும் அவை பெற்ற பொருளும்

இன்றைய ஜப்பானியர் மாதங்களைப் பெயரிட்டு அழைப்பதில்லை, எண்ணிட்டே அழைக்கின்றனர். ஜனவரி அவர்களுக்கு ‘இச்சிகத்சு’, அதாவது ஒன்றாம் மாதம். டிசம்பர் ‘ஜூனிகத்சு’, பன்னிரண்டாம் மாதம். அலுவலகக் கடிதமும் வங்கிக் கணக்கும் ரயில் கால அட்டவணையும் இந்த எண்களாலேயே நடக்கின்றன. ஆயினும் ஆண்டு முடியும் தறுவாயில் நாளிதழ்கள் டிசம்பரை ‘ஷிவாசு’ என்று எழுதத் தவறுவதில்லை. பெண் குழந்தைக்குச் ‘சத்சுகி’ என்றோ ‘யயோய்’ என்றோ பெயரிடும் பெற்றோர் இன்றும் உண்டு. சுவர் நாள்காட்டிகள் பல, எண்ணுக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் பழைய பெயரையும் அச்சிடுகின்றன. முத்சுகி, கிசராகி, யயோய், உஸுகி, சத்சுகி, மினாஸுகி, ஃபுமிஸுகி, ஹாஸுகி, நாகத்சுகி, கன்னாஸுகி, ஷிமோத்சுகி, ஷிவாசு என அடுக்கப்படும் இப்பன்னிரண்டையும் ‘வாஃபூ கெத்சுமெய்’, அதாவது ஜப்பானிய மரபுத் திங்கட்பெயர்கள் என்பர்.

இப்பெயர்களை அறிமுகப்படுத்தும் நூல்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைச் சொல்லி, அதற்கு ஒரு பூவையோ பண்டிகையையோ துணைசேர்த்து முடித்துவிடுகின்றன. ஆனால் அவ்வாறு சொல்லப்படும் பொருள்களுள் பல, பெயர்கள் தோன்றி நூற்றாண்டுகள் கழிந்தபின் கவிதை கற்ற அறிஞர் கண்டவை. மொழியியலார் அவற்றைச் சொற்பிறப்பாக ஏற்பதில்லை. அதனால் அவை பொய்யென்று ஒதுக்கத்தக்கவையும் ஆகா. பின்னோர் கண்ட விளக்கம் வழக்கமாகி, வழக்கம் சடங்காகி, சடங்கு ஊரின் வாழ்வாகவே நிலைபெற்ற வரலாறு இப்பெயர்களுக்குப் பின்னே இருக்கிறது. சொல்லின் வேரைத் தோண்டுவதைக் காட்டிலும் அந்த வரலாற்றைப் பின்தொடர்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இப்பெயர்கள் எத்தகைய மாதங்களைச் சுட்டின என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொரியத் தீபகற்பத்தின் பேக்சே நாட்டு வழியே 6-ஆம் நூற்றாண்டில் ஜப்பானை அடைந்த சீன நாள்காட்டி, அமாவாசை நாளை மாதத்தின் முதல் நாளாகக் கொண்டது. அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள்; ஆகவே மாதம் 29 நாளுடையதாகவோ 30 நாளுடையதாகவோ அமையும்; பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாளே தேறும். சூரியனின் ஆண்டோடு ஒப்பிட ஏறக்குறைய 11 நாள் குறைவதால், 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஓர் அதிக மாதம் இடையில் சேர்க்கப்பட்டது. இம்முறையில் தேதியைச் சொன்னாலே நிலவின் வடிவம் தெரிந்துவிடும்: ஏழாம் நாள் என்றால் அரைநிலா, பதினைந்தாம் நாள் என்றால் முழுநிலா. மாதத்தின் முதல் நாளுக்கு இன்றும் வழங்கும் ‘த்சுஇதாச்சி’ என்னும் சொல் ‘திங்கள் எழுதல்’ என்பதன் திரிபு. ஆண்டின் கடைசி நாளுக்கு ‘ஓமிசோகா’, பெரிய முப்பதாம் நாள், என்று பெயர். அது இன்று டிசம்பர் 31-ஆக இருப்பதை ஜப்பானியர் எவரும் முரணாகக் கருதுவதில்லை.

எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 29 நாள் என்பது ஆண்டுதோறும் மாறியதால், அதை முன்கூட்டி அறிவது கடைக்காரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் அன்றாடத் தேவையாயிற்று. எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) இத்தேவையே ஒரு விளையாட்டாக வளர்ந்தது. பெரிய மாதம், சிறிய மாதம் ஆகியவற்றின் எண்களை ஓவியத்துக்குள் மறைத்து வைத்த ‘எகோயோமி’ என்னும் படநாள்காட்டிகளைச் செல்வர்கள் தம்முள் பரிமாறிக்கொண்டனர். 1765-ஆம் ஆண்டுக்கான படநாள்காட்டிகளில் எழுந்த போட்டியே ஓவியர் சுஸுகி ஹாருநோபுவின் கையில் பலவண்ண மரக்கட்டை அச்சோவியமாக முதிர்ந்தது. உலகம் வியக்கும் ஜப்பானிய வண்ண அச்சுக்கலை மாதக் கணக்கின் தொல்லையிலிருந்து பிறந்தது என்றால் அது மிகையன்று.

மாதம் இவ்வாறு ஆண்டுக்காண்டு முன்னும் பின்னும் நகரும்போது அதை நம்பி விதைக்க முடியாது. எனவே உழவர்கள் சூரியனின் வழியை இருபத்து நான்காகப் பகுத்த ‘செக்கி’ என்னும் பருவப் புள்ளிகளையும், வசந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணி 88-ஆம் நாளான ‘ஹச்சிஜூஹச்சியா’ போன்ற நாள்களையும் கைக்கொண்டனர். அந்த 88-ஆம் நாள் மே மாதத் தொடக்கத்தில் வரும். பின்பனி அச்சம் நீங்கித் தேயிலை கிள்ளும் காலம் அது. மாதப் பெயர்களை உழவனின் நாள்காட்டி என்று வருணிக்கும் எழுத்துகள் இந்தப் பிரிவினையை மறந்துவிடுகின்றன. பெயர்களில் வயல் வாடை அடிப்பது உண்மை. ஆனால் அவற்றைப் பேணிக் காத்தது அரண்மனையும் கவியரங்கமுமே.

எட்டாம் நூற்றாண்டின் ‘மன்யோஷூ’ தொகைநூலிலேயே இப்பெயர்களுள் பல காணப்படுகின்றன. அவற்றின் பொருளை முறையாக விளக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் 12-ஆம் நூற்றாண்டின் கவிதையியல் அறிஞர் ஃபுஜிவாரா நோ கியோசுகே. அவருடைய ‘ஓகிஷோ’ என்னும் நூல் தரும் விளக்கங்களே சிற்சில மாற்றங்களோடு இன்றுவரை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றன. உற்றார் உறவினர் கூடி அன்பாகப் பழகுவதால் முதல் மாதம் முத்சுகி. குளிர் விடாததால் உடைமேல் உடை அணிவதால் இரண்டாவது கிசராகி. புல்லும் பூண்டும் மேன்மேலும் தழைப்பதால் மூன்றாவது யயோய். ‘உ நோ ஹனா’ என்னும் வெண்பூ மலர்வதால் நான்காவது உஸுகி. நாற்று நடுவதால் ஐந்தாவது சத்சுகி. இலை உதிர்வது ஹாஸுகி, இரவு நீள்வது நாகத்சுகி, உறைபனி விழுவது ஷிமோத்சுகி. ஏழாவதான ஃபுமிஸுகியைச் சிலர் ஏட்டோடு சேர்த்தனர், சிலர் நெற்கதிரோடு சேர்த்தனர். கடைசி மாதமான ஷிவாசுவுக்குச் சொல்லப்படும் விளக்கம் சற்றே நகைச்சுவையானது: ஆண்டு இறுதிச் சடங்குகளுக்காக வீடுவீடாக ஓதச் செல்லும் துறவிகள் ஓட்டமும் நடையுமாகத் திரிவதால் அது ‘குரு ஓடும்’ மாதமாம்.

இவ்விளக்கங்களுள் சில பொருந்துகின்றன. சத்சுகியின் முதலசையான ‘ச’, நாற்றைக் குறிக்கும் ‘சனாயே’, நடவுப் பெண்ணைக் குறிக்கும் ‘சவோத்தோமே’ ஆகிய சொற்களிலும் இருப்பதால், அது நடவோடு தொடர்புடையது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். கிசராகியின் உடைக்கதையோ ஒலியை உடைத்துப் பொருள் புனைந்த முயற்சி. இன்று அப்பெயரை எழுதப் பயன்படும் இரு கான்ஜி (சீன) எழுத்துகளுக்கும் அந்த ஒலிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டாம் மாதத்துக்குப் பழைய சீன அகராதியான ‘எர்யா’ தந்த பெயரை எடுத்து ஜப்பானியச் சொல்லின்மேல் போர்த்தியிருக்கின்றனர். ஷிவாசுவை ‘குரு’, ‘ஓடு’ என்னும் எழுத்துகளால் எழுதுவதும் ஒலிக்காகப் பின்னர் ஏற்றப்பட்டதே.

எழுத்து இவ்வாறு பொருளை மாற்றிவிடுவதற்கு ஆறாம் மாதமான மினாஸுகியே சிறந்த சான்று. அதை எழுதும் எழுத்துகள் ‘நீர் இல்லாத மாதம்’ என்று படிக்கப்படும். கோடை வெயிலில் நீர் வற்றுவதால் அப்பெயர் என்று ஒரு சாரார் கூறினர். ஆனால் நடவு முடிந்த வயல்களில் நீர் நிறைந்து நிற்கும் காலம் அது. பழைய ஜப்பானிய மொழியில் ‘ந’ என்பது ‘உடைய’ என்னும் பொருள்தரும் ஆறாம் வேற்றுமை உருபாகவும் நின்றது. ‘மினாத்தோ’ (துறைமுகம்) என்னும் சொல்லில் நீரின் வாயில் என்ற பொருளை அந்த ‘ந’தான் தருகிறது. அப்படியானால் மினாஸுகி நீருடைய மாதமே. வேற்றுமை உருபு வழக்கொழிந்தபின் அந்த ஒலியை ‘இல்லை’ என்னும் எழுத்தால் எழுத, நீர் நிறைந்த மாதம் நீர் வற்றிய மாதமாயிற்று என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

இதே மயக்கம் பத்தாம் மாதத்தில் நேர்ந்தபோது விளைவு மிகப் பெரிதாயிற்று. கன்னாஸுகி என்பதைத் ‘தேவருடைய மாதம்’ என்று கொள்ள முடியும். புது அரிசியில் மது வடிக்கும் மாதம் என்று கொள்வாரும் உண்டு. எழுத்தோ ‘தேவர் இல்லாத மாதம்’ என்கிறது. தேவர்கள் இல்லையென்றால் அவர்கள் எங்கே போயினர் என்னும் கேள்வி எழாமல் இராது. நாடெங்குமுள்ள தேவர்கள் மேற்குக் கடற்கரையில், இன்றைய ஷிமானே மாவட்டத்திலுள்ள இஸுமோவில் கூடுகின்றனர் என்ற விடையைக் கியோசுகேயின் நூலே தருகிறது. 14-ஆம் நூற்றாண்டின் துறவி கென்கோ தம் ‘த்சுரெஸுரெகுசா’ என்னும் கட்டுரை நூலில் இதில் ஐயம் எழுப்பினார். பத்தாம் மாதத்தில் தெய்வக் காரியங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை என்றும், தேவர்கள் ஈசே பெருங்கோயிலில் கூடுவதாகச் சொல்வதற்கும் மூலம் இல்லை என்றும் அவர் குறித்துள்ளார். கூடுமிடம் ஈசேயா இஸுமோவா என்பதில் அக்காலத்திலும் ஒருமை இல்லாதிருந்ததை இக்குறிப்பு வெளிப்படுத்துகிறது. கென்கோவின் ஐயத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதைப் பிற்கால வரலாறு சொல்கிறது.

இஸுமோவில் அந்த மாதத்துக்குப் பெயரே வேறு: ‘கமிஅரிஸுகி’, தேவர்கள் இருக்கும் மாதம். பழைய நாள்காட்டியின் பத்தாம் மாதம் பத்தாம் நாள் இரவில், இனாசா கடற்கரையில் தீ மூட்டித் தேவர்களை எதிர்கொண்டழைக்கும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. கடலோடு வந்து வழிகாட்டுவது ‘ரியூஜா’ என்னும் நாகதேவதை. குளிர்காலத் தொடக்கத்தில் நீரோட்டத்தோடு இக்கரையில் ஒதுங்கும் கடற்பாம்பே அதன் உருவாகக் கொள்ளப்பட்டது. ஊர்வலமாகக் கோயிலை அடையும் தேவர்கள், மூலக் கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் நீண்டு கிடக்கும் ‘ஜூகுஷா’ என்னும் விடுதிகளில் ஒரு வாரம் தங்கி, அடுத்த ஆண்டில் யாரை யாரோடு இணைப்பது என்று ஆலோசிப்பதாக நம்பிக்கை. திருமணம் கூடிவரவேண்டும் என்று வேண்டுவோர் அங்கே திரள்வது அதனால்தான். தேவர்களின் ஆலோசனைக்கு இடையூறு நேராதிருக்க, அவ்வாரம் முழுவதும் பாட்டும் கூத்தும் கட்டட வேலையும் நிறுத்தி ஊரார் ஓசையடங்கி இருப்பது பழைய நெறி.

மற்ற ஊர்களுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. எல்லாத் தேவர்களும் போய்விட்டால் ஊரைக் காப்பது யார் என்பதற்காக, வணிகத்துக்கும் மீன்பிடிக்கும் உரிய எபிசு முதலானோர் ‘ருசுகமி’, அதாவது வீட்டுக் காவலுக்கு நிற்கும் தெய்வங்கள், ஆயினர். சுவா நாட்டுத் தெய்வமோ மிக நீண்ட நாகம். தலை இஸுமோவை எட்டியும் வால் ஊரைவிட்டு நகராததால், இனி வரவேண்டாம் என்று மற்றத் தேவர்கள் விலக்களித்துவிட்டனர் என்பது அந்நாட்டார் சொல்லும் கதை. அறுவடை முடிந்ததும் வயல்தெய்வம் மலைக்குத் திரும்புவதாகக் கருதிய பழைய உழவர் நம்பிக்கை, இக்கதைகளுக்கு நிலமாக இருந்திருக்கக் கூடும் என்று நாட்டாரியலார் சிலர் கருதுகின்றனர். இலக்கணப் பிழை ஒன்றிலிருந்து ஒரு திருவிழா முளைத்தது என்று கேலி பேசுவது எளிது. அத்திருவிழாவை ஏற்க மக்கள் முன்பே ஆயத்தமாய் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இத்தனை கதைகளையும் சுமந்த மாதங்கள் 1872-ஆம் ஆண்டின் இறுதியில் தம் இடத்தைவிட்டுப் பெயர்ந்தன. மெய்ஜி 5-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் மூன்றாம் நாள், மெய்ஜி 6-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளாகும் (1-1-1873) என்று அரசு ஆணையிட்டது. ஆணைக்கும் அந்த நாளுக்கும் இடையே 23 நாள்களே இருந்தன. மேலைநாடுகளோடு ஒத்த நாள்காட்டி வேண்டும் என்பது வெளிப்படையான காரணம். நிதிப்பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெநோபு பின்னாளில் சொன்ன காரணம் வேறு: பழைய கணக்கின்படி அடுத்த ஆண்டில் அதிக மாதம் ஒன்று வருவதால், அரசு அலுவலருக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க நேர்ந்திருக்கும். மாற்றத்தால் அது மிஞ்சியதோடு, இரண்டே நாளில் முடிந்த பன்னிரண்டாம் மாதத்தின் சம்பளமும் மிஞ்சியது. புதிய முறையை மக்களுக்கு விளக்கி அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி எழுதிய சிறுநூல் பரபரப்பாக விற்றது.

பெயர்கள் பருவத்தைவிட்டு எண்களோடு ஒட்டிக்கொண்டன. ஒன்றாம் மாதம் ஜனவரி என்றானதும் முத்சுகியும் ஜனவரி என்றாயிற்று. பருவம் ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியது. ஐந்தாம் மாத மழையாகிய ‘சமிதாரே’ உண்மையில் ஜூன் மாதத்து அடைமழை. அம்மழையின் இடையே ஒருநாள் வெளுக்கும் வானத்துக்கு வழங்கிய ‘சத்சுகிபாரே’ என்னும் சொல், இன்று மே மாதத்தின் தெளிந்த வானத்துக்கு வழங்குகிறது. விண்மீன் காதலர் இருவர் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் தனபதா விழா ஏழாம் மாதம் ஏழாம் நாளுக்கு உரியது. ஹைக்கூ மரபில் அது இலையுதிர்காலச் சொல். ஆனால் ஜூலை 7 அன்று நாட்டின் பெரும்பகுதியில் மழை மேகம் வானத்தை மூடியிருக்கும். செண்டாய் நகரம் அதனால் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது. தேசிய வானியல் ஆய்வகமோ பழைய கணக்கின்படி அமையும் ‘மரபுத் தனபதா’ நாளை 2001 முதல் அறிவித்து வருகிறது. எண்ணைக் காப்பது, ஒரு மாதம் தள்ளுவது, நிலவையே பின்பற்றுவது என்னும் இம்மூன்று வழிகளும் இன்றைய ஜப்பானில் அருகருகே நடக்கின்றன. கியோட்டோவில் ஜூன் 30 அன்று, அரையாண்டுப் பாவம் நீங்கப் புல்வளையத்துக்குள் நுழைந்து வருவோர், ‘மினாஸுகி’ என்றே பெயர்பெற்ற, மேலே சிவப்புப் பயறு பதித்த முக்கோணப் பணியாரத்தை உண்கின்றனர். பனிக்கட்டியை நினைவூட்டும் அந்த முக்கோணம், ஆறாம் மாதக் கடுங்கோடைக்கு உரியது.

இலக்கியம் படிப்போர்க்கும் இந்த இடப்பெயர்ச்சி இடறலாகிறது. ஹைக்கூக் கவிஞர் பாஷோ 1689-இல் வடநாட்டுப் பயணத்துக்குப் புறப்பட்டது யயோயின் இறுதியில். மார்ச் என்று எண்ணிப் படிப்பவர் ஏமாறுவர், அது மே 16. கிசராகியின் முழுநிலா நாளை ஒட்டிப் பூக்களின் கீழே இறக்க வேண்டும் என்று பாடிய துறவிக் கவிஞர் சாயிக்யோ, 1190-இல் அம்மாதம் பதினாறாம் நாள் மறைந்தது பெருவியப்பாகப் பேசப்பட்டது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாள் கிசராகிப் பௌர்ணமி என்பதும், அது அவ்வாண்டு செர்ரி பூக்கும் மார்ச்சின் பிற்பகுதியில் அமைந்தது என்பதும் தெரிந்தால்தான் அவ்விருப்பமும் அவ்வியப்பும் விளங்கும். பிப்ரவரிக் குளிரில் வைத்துப் படித்தால் பூவே இல்லை.

பருவத்தை இழந்தபின் பெயர்கள் வேறு வாழ்வுகளைத் தேடிக்கொண்டன. பின்னாளில் மிதோ நாட்டுத் தலைவரான தொகுகாவா நாரியாகி, 1828-இல் எதோவிலிருந்த தம் குடும்ப மாளிகையில் ஒரு கல்லை நிறுத்தி, அதில் யயோய் பத்தாம் நாள் என்று பொறித்தார். அக்கல்லை வைத்து அப்பகுதி யயோய்ச்சோ என்று பெயர் பெற்றது. அங்கே 1884-இல் கிடைத்த ஒரு பானையை வைத்து, ஜப்பானில் நெற்சாகுபடி வேரூன்றிய தொல்பழங்காலம் முழுவதும் ‘யயோய்க் காலம்’ ஆயிற்று. ஜப்பானியக் கடற்படை 1920-களில் கட்டிய பன்னிரண்டு நாசகாரிக் கப்பல்களுள் எட்டுக்கு மாதப் பெயர்களும், எஞ்சியவற்றுக்குப் பிறைநிலா, முழுநிலா போன்ற பெயர்களும் சூட்டப்பட்டன. அவற்றுள் ‘கிசராகி’ 1941 டிசம்பரில் வேக் தீவருகே மூழ்கியது. மியாசாகி ஹயாவோ 1988-இல் இயக்கிய ‘தொத்தோரோ’ படத்தின் அக்காளுக்குச் சத்சுகி என்றும் தங்கைக்கு மெய் என்றும் பெயர். இரண்டும் மே மாதமே.

இம்மாதங்களின் விழா ஒன்று தமிழரோடும் ஒப்பிடப்பட்டதுண்டு. முத்சுகி பதினைந்தாம் நாளான ‘கோஷோகத்சு’, சிறு புத்தாண்டு, சிவப்புப் பயறிட்ட கஞ்சி உண்ணும் நாள். மொழியறிஞர் சுசுமு ஓனோ அதைத் தமிழரின் பொங்கலோடு ஒப்பிட்டு, யாழ்ப்பாணத்து அறிஞர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரின் துணையோடு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென வாதிட்டார். அம்மொழியுறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. விழாக்களின் ஒப்புமையைத் தனியே ஆராய்வதற்கு அது தடையாக வேண்டியதில்லை.

அரசு கைவிட்ட பழைய நாள்காட்டி, தனியார் அச்சிடும் பஞ்சாங்கங்களில் 1844-ஆம் ஆண்டின் தெம்போ விதிகளைத் தழுவி இன்றும் கணிக்கப்படுகிறது. அவ்விதிப்படி இலையுதிர்காலச் சமஇரவு நாள் எட்டாம் மாதத்திலும், குளிர்கால நெடுஇரவு நாள் பதினொன்றாம் மாதத்திலும் அமைய வேண்டும். 2033-ஆம் ஆண்டில் இவ்விரண்டு மாதங்களுக்கும் இடையே ஒரே ஒரு திங்கள்தான் வருகிறது. நாகத்சுகியும் கன்னாஸுகியும் அந்த ஒன்றுக்குப் போட்டியிடுகின்றன. விதி எழுதப்பட்டபின் இத்தகைய முட்டுப்பாடு நேர்வது இதுவே முதன்முறை. தீர்ப்புச் சொல்லும் அரசு அமைப்பு எதுவும் இல்லாத நிலையில், ஜப்பான் நாள்காட்டிப் பண்பாட்டு வளர்ச்சிச் சங்கம், குளிர்கால நெடுஇரவுக்கு முதன்மை தந்து பதினொன்றாம் மாதத்துக்குப் பின் அதிக மாதம் சேர்க்கலாம் என்று 2015-இல் பரிந்துரைத்தது. அதன்படி கணக்கிட்டால் தேவர்கள் இனாசாக் கரையில் இறங்க வேண்டிய நாள் நவம்பர் 1. சமஇரவுக்கு முதன்மை தந்து ஏழாம் மாதத்துக்குப் பின் அதிக மாதம் வைத்தால் டிசம்பர் 1.